வாழைப்பழத்தில் குத்திய பத்தி

சித்தப்பா பழைய ஜீப்பு ஒன்றை வாங்கிய வருஷம் எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி. சிலமலை என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு வந்த முதல் சொந்த வண்டி, டிராக்டரைக் கழித்துப் பார்த்தால், அதுதான். அதன் நிறம் என்னவென்று எங்கள் வீட்டில் கடைசிவரை முடிவாகவில்லை. பச்சை என்பார் அப்பா. மண் நிறம் என்பாள் அம்மா. சித்தப்பா, "மிலிட்டரி கலர்" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். வண்டி நகர்ந்தால் எல்லாக் கதவும் ஆடும்; கதவே இல்லாத பக்கமும் ஆடுவது போலிருக்கும்.

மலைமேல் போடிமெட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. அப்பா, சித்தப்பா, வேலையாட்கள் எல்லோரும் மாதத்துக்கு இரண்டு முறையாவது மேலே போய்வருவார்கள். என்னை மட்டும் கூட்டிப்போனதில்லை. அட்டை கடிக்கும், குளிர் தாங்காது, பஸ்சில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சொந்த ஜீப்பு வந்தபிறகு அந்தக் காரணங்களில் பாதி செத்துப்போயின. மீதியை நான் அழுதே கொன்றேன். கடைசியில், அந்த வருஷத்து முதல் காய் எடுப்புக்கு முன்னால் தோட்டத்துச் சாமிக்குப் பொங்கல் வைக்க அத்தை போகும்போது நானும் போகலாம் என்று உத்தரவாகிவிட்டது.

அத்தை அப்பாவுக்கே அக்கா. ஆகவே எங்கள் வீட்டில் அவளுக்கு மேல் யாரும் இல்லை, சாமிகளைத் தவிர. சாமிகளிடமும் அவள் கொஞ்சம் உரிமையோடுதான் பேசுவாள். வண்டி ஏறுவதென்றால் அவளுக்கு ஊதுபத்தி வேண்டும். ஒன்றிரண்டு அல்ல, ஒரு கொத்து. அதை ஒரு வாழைப்பழத்தில் குத்தி, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் புறப்படச் சொல்வாள். மலை அடிவாரம் போகும்வரை அது அணையக் கூடாது. அணைந்தால் சகுனம் சரியில்லை, வண்டியைத் திருப்பு என்பாள். இரண்டு தடவை திருப்பியும் இருக்கிறாள்.

சித்தப்பா வேறு மாதிரி. அவருக்கு யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. பார்த்த ஆளைப் போலவே அரை நிமிஷத்தில் பேசிக் காட்டிவிடுவார். அவருடைய சரக்கிலேயே எங்களுக்கு ரொம்பப் பிடித்தது போடி பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் ஊற்றுகிறவர்தான். நாற்பது வயதிருக்கும் மனிதர். காக்கிச் சட்டை, மெலிந்த கழுத்து. எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து மூன்று உத்தரவுகள்தான் வரும். "எறங்குங்க. அணைங்க. சாவிய எடுங்க." வண்டிக்காரன் ஊருக்குள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதே மூன்றுதான். பீடி பிடித்துக்கொண்டிருந்தால் நாலாவதாக அந்தப் பீடியைக் கையால் காட்டுவார். சித்தப்பா கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இதைச் சொல்லிக் காட்டும்போது நாங்கள் தரையில் உருண்டு சிரிப்போம். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் போய், "எறங்குங்க, அணைங்க, சாவிய எடுங்க" என்பார். அப்பாவும் சிரித்துவிடுவார்.

புறப்படுகிற அன்று காலையிலேயே நான் அண்ணனுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அது முழங்கால்வரை வந்தது. மலை இன்னும் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது; சிலமலையில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. வியர்வை வழிய வழியத் தெருவில் இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன். யார் யார் பார்க்கவேண்டுமோ அவர்கள் பார்த்தாகிவிட்டது.

முன்னால் சித்தப்பா, அவருக்கு இடப்பக்கம் அத்தை, அத்தை மடியில் பாதியும் வெளியில் பாதியுமாக நான். பின்னால் அரிசி, வெல்லம், பொங்கல் பானை, ஒரு காலித் தகரக் கேன். மேலே மருந்தடிக்கிற இயந்திரத்துக்குப் பெட்ரோல் வேண்டும். மலையில் அப்போது பங்க் கிடையாது. டாங்க்கை நிரப்பிக்கொண்டு, கேனிலும் வாங்கிக்கொண்டு ஏறுவதுதான் வழக்கம்.

போடிக்குள் நுழைந்ததும் ஒரு கோயில் வாசலில் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள். பழைய பத்தி எரிந்து முடியப் போயிற்று. புதுக் கொத்து ஏற்றிப் பழத்தில் குத்தினாள். செவ்வந்தி மாலை ஒன்று வாங்கி முருகன் படத்தைச் சுற்றிப் போட்டாள். மாலை பெரியது. படமும் மறைந்தது, பழமும் மறைந்தது. புகை மட்டும் பூவுக்கு நடுவிலிருந்து மெலிசாக வந்துகொண்டிருந்தது.

மலைக்குப் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அந்தப் பங்க் இருந்தது. காய் எடுப்புக் காலமானதால் எங்களுக்கு முன்னால் இரண்டு ஜீப்புகளும் பின்னால் மூன்று ஜீப்புகளும் நின்றன. அன்றைக்குக் கரண்டு வேறு இல்லை. கரண்டு போனால் பம்ப்பின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியை மாட்டிச் சுற்றுவார்கள். சுற்றினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும், குழாயில் பெட்ரோல் வரும். முகப்பில் கடிகாரம் போன்ற வட்டத்தில் முள் நகரும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

எங்கள் முறை வந்தது. காக்கிச் சட்டைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "எறங்குங்க. அணைங்க. சாவிய எடுங்க."

அவர் சொல்லச் சொல்லச் சித்தப்பா சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சிரிப்பைக் கம்பளிச் சட்டையின் கழுத்துக்குள் ஒளித்துக்கொண்டேன். சித்தப்பா வண்டியை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அத்தை அசையவில்லை.

"ஆத்தா, நீங்களும் பாப்பாவும் ஒரு நிமிசம் எறங்கிக்கங்க."

"முட்டி வலிப்பா. எறங்குனா ஏற முடியாது. நீ பாட்டுக்கு ஊத்து."

பின்னால் ஒரு ஜீப்பு ஹாரன் அடித்தது. எங்கள் ஜீப்பில் டாங்க் இருப்பது ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில். நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது அதில் ஊற்றக் காக்கிச் சட்டைக்காரருக்கு மனமில்லை. "சரி, மொதல்ல கேனு. அதுக்குள்ள மெல்ல எறங்கிருங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

கேனை வண்டிக்குள்ளேயே வைத்து ஊற்றச் சொன்னார் சித்தப்பா. நிரம்பினபிறகு யார் தூக்கி ஏற்றுவது?

"கீழ எறக்குங்கண்ணே. தரையில வச்சாத்தான் ஊத்துவேன்."

சித்தப்பா வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கேனை இறக்கினார். கைப்பிடி சுற்றுகிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். வரட்டும் என்றார் காக்கிச் சட்டைக்காரர். சித்தப்பாவுக்குப் பொறுமை ஏது?

"நானே சுத்துறேண்ணே. வெரசா மலையேறணும். இதுல என்ன வித்தை இருக்கு?"

"மெல்லச் சுத்துங்க. நிறுத்துன்னா நிறுத்திரணும்."

நான் அத்தை மடியிலிருந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு வேகம் வந்துவிட்டது. கரும்பு பிழிகிறவரைப் போல இடுப்பை வளைத்து வளைத்துச் சுற்றினார். முள் ஓடியது. காக்கிச் சட்டைக்காரர் குனிந்து குழாயைக் கேனின் வாயில் பிடித்துக்கொண்டிருந்தார். "போதும்ணே" என்றார். "நிறுத்துங்க" என்றார். சித்தப்பா எனக்காக இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். கேன் வழிந்தது. குழாய் துள்ளி வெளியே வந்து அவரை நெஞ்சிலிருந்து முழங்கால்வரை நனைத்துவிட்டது. மீதி சிமெண்டுத் தரையில் ஓடி, எங்கள் ஜீப்புக்கு அடியில் புகுந்து, முன்சக்கரம்வரை வந்து நின்றது.

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்ரோல் வாசம் எனக்குப் பிடிக்கும். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.

காக்கிச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஜீப்புக்கு முன்னால் ஒரு தூணில் சிவப்பு வாளிகளில் மணல் தொங்கியது. அதை எடுக்க வேகமாக வந்தார். வண்டியின் முன்பக்கத்தைத் தாண்டும்போது சட்டென்று நின்றுவிட்டார். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. செவ்வந்தி மாலையிலிருந்து வருகிற புகையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு மெல்ல இரண்டடி பின்னால் போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆத்தா, பத்தி ஏத்தியிருக்கீகளா?"

"ஆமாப்பா. மலையேறப் போறோம்ல."

"நல்ல வாசம்" என்றார். குரல், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, ஒரு சோலி செய்யிறியா? அந்தா, ரோட்டுக்கு அங்கிட்டு புளியமரத்தடியில பிள்ளையார் இருக்காரு பாரு. இங்கன வர்ற பத்தியெல்லாம் மொதல்ல அவருக்குத்தான். பழத்தோட அப்படியே எடுத்துக்கிட்டுப் போயி அவரு முன்னால வச்சிரு தாயி."

"அப்படி ஒரு வழக்கமா? நான் கேட்டதே இல்லையே" என்றாள் அத்தை.

"இருக்கு ஆத்தா. மலைக்குப் போற ஜீப்பெல்லாம் வைக்கும். புள்ள தனியா ரோட்டத் தாண்டப்படாது, நீங்களும் கூடப் போங்க."

வேறு யார் என்ன சொன்னாலும் அத்தை இறங்கியிருக்க மாட்டாள். அணைக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும். பிள்ளையாருக்கு என்றதும் முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கவிட்டுவிட்டாள்.

இதற்குள் சித்தப்பா சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். அவரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், சக்கரத்தடியில் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. "அக்கா..." என்று கத்த வாயெடுத்தார்.

காக்கிச் சட்டைக்காரர் உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பினார். "அண்ணே, நீங்க நிக்கிற எடத்துலயே நில்லுங்க. சாவி ஒங்க கையிலதான இருக்கு? அங்கனயே இருக்கட்டும்."

சித்தப்பா நின்றார். ஒருவர் சொல்லிச் சித்தப்பா கேட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அத்தை இறங்கியதும் நான் மாலையை விலக்கிப் பழத்தை எடுத்தேன். பத்திகளின் சாம்பல் நீளமாக வளர்ந்து வளைந்திருந்தது. "இடப்பக்கமா எறங்கு தாயி. அப்படித்தான். நேராப் போ. ஓடப்படாது. ஆட்டப்படாது. சாம்பல் உதிரப்படாது. பிள்ளையார் கிட்டப் போறவரைக்கும் திரும்பிப் பாக்கப்படாது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் தெருவில் தீச்சட்டி எடுக்கிறவர்களுக்குத்தான் இத்தனை விதிகள் இருக்கும்.

பங்க்கிலிருந்து புளியமரத்துக்கு ஐம்பதடிதான் இருக்கும். அன்று நான் நடந்த நடையை அதற்குப் பிறகு நடந்ததில்லை. பழத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, கம்பளிச் சட்டை முழங்காலில் தட்டத் தட்டப் போனேன். பின்னால் ஒரு ஜீப்புக்காரர் ஹாரன் அடித்ததும் யாரோ அவரை அதட்டி நிறுத்தினார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தை கையை உயர்த்தி ஒரு பஸ்சையே நிறுத்தினாள். அதன் ஓட்டுநர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளையார் ஒரு சாண் உயரம்தான் இருந்தார். எண்ணெய் கண்டு நாளாகியிருந்தது. பழத்தை அவர் முன்னால் வைத்தேன். அப்போதுதான் சாம்பல் உதிர்ந்தது. மரத்தடியில் கட்டியிருந்த ஆடு ஒன்று பழத்தை அப்போதே பார்த்து வைத்துக்கொண்டது.

திரும்பிப் பார்க்கலாம் என்ற அனுமதி கிடைத்துவிட்டதால் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வெளியில் நின்று ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்க, பின்னால் இருந்த ஜீப்புக்காரர்கள் நாலைந்து பேர் எங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வேறு இரண்டு பேர் தரையில் மணலைக் கொட்டினார்கள்.

"பாத்தியா? பத்திய எடுத்த மறு நிமிசம் வண்டி நின்னு போச்சு" என்றாள் அத்தை.

காக்கிச் சட்டைக்காரர் சுவரோரம் தண்ணீர்த் தொட்டியடியில் இருந்தார். சட்டையைக் கழற்றித் தூரமாக எறிந்துவிட்டு, தலையோடு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஏழெட்டு வாளி இருக்கும். பிறகு சொட்டச் சொட்ட ரோட்டைத் தாண்டி எங்களிடம் வந்தார். அத்தைக்கு ரொம்பத் திருப்தி. "குளிச்சிட்டு வந்து கும்பிடுறான் பாரு, பக்தியான ஆளு" என்று என் காதில் சொன்னாள். அவர் பிள்ளையாரைக் கும்பிட்டார். கூப்பிய கையை வெகுநேரம் இறக்கவில்லை. அத்தை சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

"சாம்பல் உதிரலையே?" என்று என்னிடம் கேட்டார்.

"இங்க வந்துதான் உதிந்துச்சு."

"கெட்டிக்காரி" என்றார். அத்தை தன் முந்தானை முடிச்சிலிருந்து திருநீறு எடுத்து என் கையில் தந்தாள். அவர் என் முன்னால் குனிந்தார். பூசிவிட்டேன். அவர் தலையிலிருந்து தண்ணீர் என் கம்பளிச் சட்டையில் விழுந்தது.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. யாரும் வண்டியில் இல்லாதபோது டாங்க் நிரம்பியது. டீ குடித்து வந்த ஆள் மெல்லச் சுற்றினார். சித்தப்பா ஒரு ஓரமாக நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது காக்கிச் சட்டைக்காரரிடம் போனார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டு வந்து ஏறினார்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறும்போதும் சித்தப்பா யாரையும் போலப் பேசிக் காட்டவில்லை. ஏனென்று அத்தை இரண்டு தடவை கேட்டாள். "ரோட்டப் பாத்து ஓட்டணும்லக்கா" என்றார். அத்தனை கவனத்தையும் பங்க்கில் எனக்கே கொடுத்துவிட்டார்களே, அந்தக் கோபம்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பாதி மலையில் ஒரு வளைவில், போடி முழுதும் கீழே தெரிகிற இடத்தில், இஞ்சின் ஆறட்டும் என்று நிறுத்தினார். நான் இறங்கி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து என் தலையில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. "கையில பெட்ரோல் நாத்தம் அடிக்குது சித்தப்பா" என்றேன். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

அன்றைய நாளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தோட்டத்தில் மேகம் காலடியில் போனது. ஏலச்செடி என் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்தும், காய் மட்டும் அடியில் மண்ணோடு கிடந்தது அதிசயமாக இருந்தது. பொங்கல் பொங்கிய பக்கம் நல்ல பக்கம் என்று அத்தை சொன்னாள். இரண்டு அட்டை கடித்தது. இரண்டு காலிலும் ஒவ்வொன்று. கம்பளிச் சட்டைக்கும் கடைசியில் வேலை வந்தது.

ஊர் திரும்பியதும் அத்தை தெருத்தெருவாகச் செய்தி சொல்லிவிட்டாள்: மலைக்குப் போகிற வண்டிக்காரர்கள் பங்க்குக்கு முன்னால் புளியமரத்துப் பிள்ளையாருக்குப் பத்தி வைக்கவேண்டும், வண்டியில் கொண்டுபோகக் கூடாது, அதுதான் முறை. முறை என்று அத்தை சொன்னால் அது முறைதான். சிலமலையிலிருந்து தேவாரம்வரை ஜீப்பு வைத்திருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் பிள்ளையாருக்குத் தகரக் கூரையும் தினம் எண்ணெயும் கிடைத்துவிட்டன. இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்த பெண் என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் நானே அறிமுகம் செய்துகொள்வேன்.

சித்தப்பா அதற்குப் பிறகு அந்த மனிதரைப் போலப் பேசிக் காட்டியதில்லை. நாங்கள் கெஞ்சினால், "அது இப்ப எனக்கு வரலை" என்பார். பங்க் வந்தால் யாரும் சொல்லாமலே எல்லோரையும் இறக்கிவிடுவார், அத்தையைக் கையைப் பிடித்து. சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடுவார்.

எனக்குக் கல்யாணமாகி, நானே ஒரு வண்டி ஓட்டப் பழகிய வருஷத்தில்தான் சித்தப்பா வாய் திறந்தார். முதல் தடவை பெட்ரோல் போடப் போகும்போது கூட வந்தார். வரிசையில் நிற்கும்போது, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல் சொன்னார். "அந்தப் பத்திய அவரே எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கலேன்னு என்னைக்காச்சும் யோசிச்சியா? கையெல்லாம் பெட்ரோலு. அதான் பின்னால கட்டிக்கிட்டாரு. கத்தியிருந்தா அக்கா பதறிப்போயி பத்திய வீசியிருக்கும். எங்க வீசியிருக்கும்?" வரிசை நகர்ந்ததும் அவரே முதலில் இறங்கிக்கொண்டார்.

கையைப் பின்னால் கட்டியதைச் சாமிக்குக் காட்டிய மரியாதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. அங்கே இருந்தவர்களில் எல்லோருக்கும் முன்னால் ஓடியிருக்க வேண்டியவர் அவர். ஒரு பொறி விழுந்திருந்தால் முதலில் பற்றுவது அந்தச் சட்டைதான். அந்தச் சட்டையோடு, நான் காலைத் தரையில் வைத்து, நேராக நடந்து, ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவர் அந்த இடத்திலேயே நின்று, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவது போல என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

நானோ அப்போது, பிள்ளையார் அங்கே காத்திருக்கிறார், இந்த மாமா ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன்.